கெட்டிப்பட்ட சுண்ணாம்பு

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசாங்கத்தின் கடல் ஆபீஸிலிருந்து வந்த பெண் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அதில் எழுதியிருந்தது பொய். எழுதிய பெண்ணுக்கு அது தெரியாது. சொல்லி எழுத வைத்த கிழவிக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

போளூரில் வாத்தியாராக இருக்கிற என் தம்பி மகன், “அத்தே, அங்க இருக்கிற வாழ்க்கைய எழுதி அனுப்பு, நம்ம ஜனங்க படிக்கட்டும்” என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறான். இந்தப் பிரெஞ்சு தேசத்துக் குளிரைப் பற்றியும் பனியைப் பற்றியும் எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன். இப்போது இதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை.

அந்தக் கிழவியின் பெயர் இவோன். பதினோரு வருஷம் அவளிடம் சிப்பிக் கொட்டகையில் வேலை பார்த்தேன். இப்போது கால் விழுந்து முதியோர் விடுதியில் இருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம். அவள் பேசுவது எனக்குப் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அவள் சொன்னதையெல்லாம் இங்கே நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

கடல் ஆபீஸ் பெண் ஆற்றுக்கு ஆறு போய்க் கிழவன் கிழவிகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முன்காலத்துத் தட்டைச் சிப்பி எந்த ஆற்றில் எங்கே இருந்தது, எப்படிச் செத்தது என்று கேட்டாள். எங்காவது நல்ல ஜாதி இருந்த ஆறாகப் பார்த்து மறுபடி விட்டுப் பார்க்கப் போகிறார்களாம்.

“எங்க ஆத்து ஜாதியே கெட்டுப்போச்சும்மா. குஞ்சுக்கே ஓடு மெலிஞ்சு போச்சு. கத்தி வெச்சா உடையுது. நான்தான் மொத்தத்தையும் வாரிடுங்கன்னு சொன்னேன். வேற இன்னா பண்றது? இதோ, போனி கூடத்தான் இருந்தா. அவளையும் கேளு” என்றாள் இவோன்.

என் பெயர் பொன்னி. அவள் வாயில் போனி.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். தாளில் இன்னொருவர் கையெழுத்துக்கும் இடம் இருந்தது. தமிழில் பொன்னி என்று எழுதினேன். “எவ்வளவு அழகான எழுத்து” என்று சொல்லிவிட்டு, “ஜாதியே பலவீனம்னா இந்த ஆத்துல செலவு பண்ணிப் பிரயோஜனம் இல்ல” என்று தாளின் மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

2

போளூருக்கு மேலே எங்கள் மலையில் இருக்கிறவர்களுக்குச் சிப்பி என்றால் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். முத்து இருக்கிற சிப்பி வேறு, இது தின்கிற சிப்பி. உயிரோடு திறந்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள்.

இதில் இரண்டு ஜாதி. ஒன்று குழிவாக, கரடுமுரடாக நீண்டிருக்கும். இப்போது எல்லாக் கடையிலும் அதுதான். ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. வாயில் போட்டால் உப்பு, வெள்ளரிக்காய்ச் சாறு, அவ்வளவுதான். இன்னொன்று இந்தக் கரைக்கே உரியது. உள்ளங்கை போல வட்டமாக, தட்டையாக இருக்கும். அதனால் அதற்குப் பெயரே தட்டை. ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கிற இடத்தில், சேறும் சரளையும் சேர்ந்த தரையில் கிடக்கும். இவோன் சிப்பிக்கு அந்தத் தரைதான் ருசி கொடுக்கிறது என்பாள். ஒரே தாயின் குஞ்சுகளை இரண்டு ஆற்றில் போட்டால் இரண்டு ருசி வருமாம்.

முதல் இரண்டு வருஷம் நான் அதைத் தொட்டுத் தரம் பிரித்ததோடு சரி, வாயில் வைக்கவில்லை. ஒரு பொங்கலன்று, அது பொங்கல் என்று எனக்கு மட்டும் தெரிந்த அன்றைக்கு, இவோன் ஒன்றைத் திறந்து நீட்டினாள். “எத்தினி ஆயிரம் எண்ணியிருப்ப, ஒண்ணு கூடத் தின்னாம இருந்தா எனக்கு அவமானம்” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கப் போனேன். “மெல்லு, மெல்லு” என்றாள்.

முதலில் உப்பு. பிறகு புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் நாக்கின் ஓரத்தில் ஒரு சுரீர் இருக்குமே, அது. துப்பிவிடலாம் என்று நினைக்கும்போது அந்தச் சுரீர் போய் அடியிலிருந்து ஓர் இனிப்பு வந்தது. காட்டு நெல்லிக்காயைக் கடித்துவிட்டுச் சுனைத் தண்ணீர் குடித்தது போல இருந்தது. அந்த இனிப்பு கொட்டகையைக் கழுவி முடிக்கிற வரைக்கும் வாயில் இருந்தது.

“இன்னா?” என்றாள் இவோன்.

இன்னொன்றுக்குக் கை நீட்டினேன். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

3

நான் இங்கே வந்தது என் வீட்டுக்காரரால். அவர் புதுச்சேரிப் பக்கத்து ஆள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரர். அவருடைய பெரியம்மா போளூர்ச் சந்தையில் புளி வாங்கி விற்பாள். என் அப்பா மலையிலிருந்து புளி இறக்கிக்கொண்டு போகும்போது நானும் போவேன். அங்கேதான் பெண் பார்த்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டாளம் அவரை இந்தக் கரைக்கு மாற்றியது. எனக்கு அப்போதே நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. செல்வி எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவள், அவளுக்கு எட்டு வயது. வந்த இரண்டாம் வருஷம் அவர் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பென்ஷன் எழுதி வாங்கவே ஒரு வருஷம் ஆனது. கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். மலையில் யார் கல்யாணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்? பிறந்த தேதி கேட்டார்கள். சாமை அறுத்துக்கொண்டிருந்தபோது பிறந்தேன் என்று அம்மா சொன்னதுதான் எனக்குத் தெரியும். செங்கம் தாலுகா ஆபீஸில் தம்பி நடையாய் நடந்து ஒரு காகிதம் வாங்கி அனுப்பினான். அதில் என் வயது நான்கு வருஷம் குறைந்திருந்தது. அதுவே நிலைத்துவிட்டது. இந்த நாட்டுக் கணக்கில் நான் இன்னும் கொஞ்சம் சின்னவள்.

செல்வி பள்ளிக்கூடத்தில் சில்வி ஆனாள். முதலில் நான் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள். பிறகு கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. என்னோடு எங்கே போனாலும் என் வாயாக அவள்தான் இருக்க வேண்டியிருந்தது. பத்து வயதில் டாக்டரிடம் என் வயிற்று நோவை அவள் சொன்னாள், பன்னிரண்டு வயதில் வீட்டுச் சொந்தக்காரனிடம் வாடகைக்குத் தவணை கேட்டாள். எனக்குப் பேசக் கூச்சம். தமிழிலேயே கூச்சம்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்திலும் தெரிந்த விடைக்குக் கூட நான் எழுந்து நின்றது இல்லை.

4

நான் செய்த காரியம் புரிய வேண்டுமானால் கடுக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் தை மாசியில் கடுக்காய் விழும். பொறுக்கிக் காயவைத்துக் குத்தகைக்காரனிடம் போடுவோம். அவன் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்கு அனுப்புவான். எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது மலைமேல் ஒரு பங்களா கட்டினார்கள். செங்கத்திலிருந்து வந்த கொத்தனார், பெரிய மண் தொட்டியில் கடுக்காயை இடித்துப் போட்டு, வெல்லம் கரைத்து ஊற்றி, நுரைத்துப் புளிக்கிற வரைக்கும் மூடி வைத்தார். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பு அரைத்தார்கள். தலையில் குடம் குடமாக அதைச் சுமந்தது நாங்கள். வேலை முடிந்த பிறகு கொத்தனார் எங்களைக் கூப்பிட்டு, சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார்.

“அடிங்கடீ பாக்கலாம். ஆணிதான் வளையும், என் செவுரு வளையாது.”

ஆணி வளைந்தது. சுண்ணாம்பு என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் புத்தியில் பதிந்துபோனது.

இங்கே வயிற்றுக்கு ஆகும் என்று தம்பியை ஒரு பிடி கடுக்காய் அனுப்பச் சொன்னேன். அவன் ஒரு கோணி நிறைய வாரிக் கப்பல் தபாலில் அனுப்பிவிட்டான். துறைமுகச் சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. செல்வியை இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பதினேழு. படிவத்தில் மூன்று கட்டம் இருந்தது: சாப்பாடு, மருந்து, சாயம். மூன்றும்தான் என்றேன். அதிகாரி ஒரு கடுக்காயை எடுத்து முகர்ந்து, கடித்து, முகத்தைச் சுளித்தார்.

“இன்னாம்மா சொல்றது இந்த ஆளுகிட்ட?” என்றாள் செல்வி. அவள் தமிழில் பேசினால் கோபம் என்று அர்த்தம்.

“நீயே ஏதாவது சொல்லும்மா.”

கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டித் தொங்கவிடுகிற காய் என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். கோணியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது அவள் எனக்கு இருபது அடி முன்னால் நடந்தாள்.

5

அந்தச் சமயம்தான் தட்டைச் சிப்பிக்கு நோய் வந்திருந்தது. மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது, சிப்பியின் ரத்தத்தில் புகுந்து கொல்லும். நான்கு வருஷம் வளர்ந்து விற்கப் போகிற நேரத்தில் வாய் திறந்துவிடும். கொட்டகையில் கூடையைக் கவிழ்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். உயிர் உள்ளது கல் போல விழும், செத்தது கிலுகிலுவென்று விழும். ஒரு குளிர்காலம் முழுவதும் கிலுகிலு சத்தம்தான் கேட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் தட்டையை விட்டுவிட்டு ஜப்பான் சிப்பிக்கு மாறினார்கள்.

இவோன் மாறவில்லை. ஆற்றில் கொஞ்சம் மேலே, திருப்பத்துக்கு அப்பால், ஒரு சின்னத் திட்டில் இருந்த சிப்பிகள் மட்டும் சாகவில்லை. நோய் சுற்றி வந்தும் அவை அப்படியே இருந்தன.

“அதுங்களுக்கு ரத்தம் கெட்டி. அதுங்க போடுற குஞ்சுக்கும் அந்த ரத்தம்தான் இருக்கும். அதப் புடிச்சு வளத்துட்டா ஆறு பொழைச்சுக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுவரை அவள் குஞ்சுகளை வேறு விரிகுடாக்காரர்களிடம் விலைக்கு வாங்குவாள். இப்போது சொந்த ஆற்றுக் குஞ்சைப் பிடிக்க வேண்டும். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. நிலத்தை அடமானம் வைத்து ஓட்டு வில்லைகள் வாங்கினாள்.

குஞ்சு பிடிப்பது இப்படி. கூரைக்குப் போடுகிற வளைந்த வில்லைகளைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த கூழில் முக்கிக் காயவைப்பார்கள். கட்டுக் கட்டாகக் கம்பியில் கட்டி, கோடையில் தண்ணீர் சூடாகும்போது ஆற்றில் இறக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மிதந்து வந்து வெள்ளை வில்லையில் ஒட்டிக்கொள்ளும். மறுவருஷம் வசந்தத்தில் சுரண்டி எடுத்துத் தரையில் விதைப்பார்கள்.

முதல் கோடையில் கூலி ஆட்கள் பூசினார்கள். இரண்டு வாரத்தில் அலையில் சுண்ணாம்பு உரிந்து வில்லைகள் சிவப்பாக நின்றன. ஒரு குஞ்சு கூட இல்லை. இவோன் கரையில் உட்கார்ந்து, “இந்தச் சுண்ணாம்பு நிக்கவே மாட்டேங்குதே போனி” என்றாள்.

அடுத்த கோடையில் பூசுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். தயிர்ப் பதம் வர வேண்டும் என்று காட்டிவிட்டு, முதுகு வலி தாங்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். முற்றத்தில் நான் மட்டும். எனக்குக் கொத்தனாரின் சுவர் ஞாபகம் வந்தது.

மூன்று பீப்பாயில் கடுக்காயை இடித்து ஊறப்போட்டேன். வெல்லத்துக்குப் பதில் கடையில் பழுப்புச் சர்க்கரை வாங்கிப் போட்டேன். புளித்து நுரை வந்ததும் அந்தத் தண்ணீரை விட்டே சுண்ணாம்பு கலந்தேன். இவோனிடம் சொல்லவில்லை. அந்தக் காய்க்கு அவள் பாஷையில் பெயர் தெரியாது, செல்வி படிக்கப் போய்விட்டாள். நல்லது செய்வதற்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். கடைசிச் சில கட்டுகளுக்குக் கடுக்காய் போதவில்லை. அவற்றுக்கு வெறும் சுண்ணாம்பே பூசினேன்.

அதுவரைக்கும் யாரும் குஞ்சு சுரண்டி நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பு கெட்டியாக ஒட்டினால் போதும் என்றுதான் எனக்குத் தெரியும். ஒட்டவும் வேண்டும், கத்தி பட்டால் பொடிந்து விட்டுவிடவும் வேண்டும் என்று தெரியாது.

6

ஆகஸ்டில் இவோன் படகிலிருந்து ஒரு வில்லையைத் தூக்கிப் பார்த்தாள். சுண்ணாம்பு பளிங்கு போல நின்றது. அதன்மேல் சாமை அரிசி தெளித்த மாதிரி குஞ்சுகள்.

“போனி, வா, வந்து பாரு.”

கரையில் இருந்த மற்றப் பெண்கள் முன்னால் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். “இவ கைதான்டீ. என் ஆத்துக்கு இவ கைதான் ராசி” என்று அவர்களிடம் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே கடுக்காயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெருமை அடித்துக்கொள்கிற மாதிரி இருக்குமே என்று கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய என்னை ஒருவர் நான்கு பேர் முன்னால் மெச்சியது அதுதான் முதல் தடவை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள்.

7

மார்ச்சில் வில்லைகளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். குஞ்சுகள் கட்டைவிரல் நகத்தளவு வளர்ந்திருந்தன. இவோன் மொட்டைக் கத்தியை வைத்து லேசாக நெம்பினாள். குஞ்சு வரவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். முறுக்கு உடைகிற மாதிரி சத்தம் வந்தது. பாதி ஓடு கத்தியில், பாதி வில்லையில், நடுவில் ஈரமான சதை.

அடுத்தது. அதற்கு அடுத்தது. எல்லாம் அப்படியே.

கத்தியை மாற்றினாள். வில்லையைத் தண்ணீரில் ஊறவைத்தாள். குளிரில் விறைத்திருக்கும் என்று அடுப்புப் பக்கம் வைத்தாள். நானும் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் இரண்டு பேர் காலடியிலும் உடைந்த ஓடு குவிந்திருந்தது. இவோன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மெலிஞ்சு போச்சு. பாரு, காயிதம் மாதிரி இருக்குது. நோவு குஞ்சுக்கும் வந்துடுச்சு. தாய் பொழைச்சுதே தவிர ரத்தத்துல இருந்திருக்குது” என்றாள்.

நகத்தளவுக் குஞ்சின் ஓடு மெலிதாகத்தான் இருக்கும். அவளுக்கு அது தெரியும். ஆனால் வேறு காரணம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. என் கை ராசியான கை என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் சுண்ணாம்பின் மேல் சந்தேகமே வரவில்லை.

கத்தியை வைத்துவிட்டுக் கடல் ஆபீஸுக்கு டெலிபோன் பண்ண வீட்டுக்குள் போனாள். நான் சும்மா இருக்க முடியாமல் அடுத்த கட்டை அவிழ்த்தேன். அது கடுக்காய் போடாத கட்டு. கத்தி பட்டதும் சுண்ணாம்பு பொடிந்தது. குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக, முழுசாகத் தட்டில் விழுந்தன. ஓடு உடையவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இவோன் திரும்பி வந்தாள். “சொல்லிட்டேன். திங்கக்கிழமை படகு வரும். திட்டுல இருக்கிற தாயையும் சேத்து வாரிடுவாங்க. நோவு வெச்சுக்கினு இருந்தா மத்தவங்களுக்குப் பரவும்” என்றாள். தட்டில் இருந்த முழுக் குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு என் தலைமேல் கையை வைத்து, “உன் கை மெத்துனு இருக்குது, அதான் உடையல” என்றாள்.

இப்போதும் என்னால் விளக்க முடியாதது அந்த நேரம்தான். வார்த்தை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு என்ற வார்த்தை தெரியும். நான் என்ற வார்த்தை தெரியும். கெட்டி என்றும் சொல்லத் தெரியும். மூன்று வார்த்தை போதும். அவள் கை என் தலைமேல் இருந்தது. அந்தக் கை எடுபட்டுவிடும் என்று பயந்தேன். கொட்டகைக்கு வந்து எத்தனையோ வருஷம், அவள் என்னை வேலையை விட்டுத் துரத்தியிருக்க மாட்டாள் என்றும் எனக்குத் தெரியும். பயந்தது அதற்கு இல்லை.

திங்கட்கிழமை படகு வந்து திட்டை வாரியது. பெரிய இரும்பு வாருகோல் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தது. சிப்பிகளைக் கரையில் கொட்டினார்கள். எல்லாம் கல் போல விழுந்தன. ஒன்று கூடக் கிலுகிலுக்கவில்லை. இவோன் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் திறந்து மென்றாள். இன்னொன்றைத் திறந்து எனக்குக் கொடுத்தாள்.

“ருசி மட்டும் அப்படியே இருக்குது” என்றாள்.

நான் மென்றேன். இனிப்பு வந்தது. லாரி வந்து குவியலை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ குழியில் கொட்டி மூடியது. அந்தத் தட்டில் இருந்த முழுக் குஞ்சுகளையும் அதோடு அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருஷம் அடமானம் மூழ்கியது. பண்ணையை வாங்கினவன் ஜப்பான் சிப்பி போட்டான். எனக்கும் வேலை கொடுத்தான். வேலை ஓய்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

8

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த வாரம் முழுவதும் அந்தப் பெருக்கல் குறி கண்ணுக்குள்ளேயே நின்றது. செல்விக்கு டெலிபோன் பண்ணினேன். அவள் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு நகரத்தில், ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நானாகக் கூப்பிடுவது அபூர்வம். அதனால் பயந்துகொண்டே சனிக்கிழமை காரில் வந்து இறங்கினாள்.

சமையலறையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“கடுக்காய்னா அந்த மரத்துல தொங்கவிடுற காயா?”

“ஆமாம்.”

“நீ எனக்கு வயித்து வலிக்குக் குடுப்பியே, அந்தக் கசப்பு?”

“அதான்.”

நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுதும்மா? அவங்களுக்கு எண்பது வயசு. தெரியாமயே போவட்டுமே.”

“அந்தத் தாள்ல ஆத்த அடிச்சுட்டாங்க.”

“தாள நான் மாத்திடறேன். நானே கடல் ஆபீசுக்கு எழுதறேன். அவங்களுக்குச் சொல்ல வேணாம்.”

“அவங்க சொன்னதுன்னுதான் அந்தத் தாள்ல இருக்குது. அவங்க சொல்லாம மாத்துனா அதுவும் பொய்தான்.”

என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான் அவளிடம் இவ்வளவு பேசி வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

மறுநாள் விடுதிக்குப் போனோம். இவோனை நாற்காலி வண்டியில் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். செல்வியைப் பார்த்து, “சில்வி, எவ்வளோ பெருசா ஆயிட்ட” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல, செல்வி பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நான் ஆரம்பித்தேன். செல்வி சொன்னதைக் கவனித்துக் கேட்டேன். ‘அம்மாவுக்கு அந்த வருஷம் வாங்கின சுண்ணாம்பு மேல ஒரு சந்தேகம்’ என்கிறாள். பழியை வியாபாரி மேல் போடுகிறாள். அவ்வளவு எனக்குப் புரியும்.

நான் செல்வியின் முழங்கையைத் தொட்டு நிறுத்தினேன்.

“மதாம். நான். சுண்ணாம்பு கெட்டி. நான்” என்றேன் பிரெஞ்சில்.

அதற்குப் பிறகு செல்வி ஒளிக்கவில்லை. கடுக்காய், சர்க்கரை, மூன்று பீப்பாய், கடுக்காய் போடாத கட்டு என்று முழுவதையும் சொன்னாள். இவோன் என்னைப் பார்க்கவே இல்லை. செல்வியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ குஞ்சுங்க நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு” என்றேன்.

“தாயி?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டை வாரிய அன்றைக்கு அவளும்தானே மென்றாள்.

அவள் மடியில் கிடந்த இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். எதிரே புல்தரையில் யாரோ ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக நடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு சுற்று வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செல்வியிடம் மெதுவாக, தெளிவாகப் பேசினாள்.

“அந்த ஆபீஸ் பொண்ணுக்கு எழுது. ஓடு கெட்டியா இருந்துச்சு, தாய்க்கு நோவு இல்ல, ஆறு நல்ல ஆறுன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னாள். “போனிய இனிமே இங்க கூட்டிக்கினு வராத.”

செல்வி எழுந்து, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கைப்பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“களைப்பா இருக்காங்களாம்மா. கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொன்னாங்க” என்றாள் தமிழில்.

இவோன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்திருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.